பீச்சாங்கையும் முள்கரண்டியும்

நம் வயசுக்காரர்களுக்கு மட்டும் ஒரு கேள்வி. நீங்கள் முதன்முதலாக முள்கரண்டியைக் கையில் எடுத்தது எப்போது, யார் முன்னால்? இன்றைக்கு மூன்று வயசுப் பிள்ளை ஓட்டலில் உட்கார்ந்து முள்ளால் குத்திக் குத்திச் சாப்பிடுகிறது; யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு ஒன்பது வயசில் அது கைக்கு வந்தது. வந்த வேகத்தில் என்னைச் சைகோனுக்கே கொண்டுபோயிருக்கும். கொண்டுபோகாமல் விட்ட கதையைத்தான் சொல்லப்போகிறேன். நடுவில் தூங்கிவிடாதீர்கள், நம் வயசில் அதுதான் எனக்குப் பயம்.

முதலில் என் கையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நான் பிறவியிலேயே இடது கைக்காரி. புதுச்சேரியில் நாம் வலது கையைச் சோத்துக்கை என்போம், இடதைப் பீச்சாங்கை என்போம். ஒன்றுக்குச் சோறு, மற்றதற்குக் கழுவுகிற வேலை. பெயர் வைக்கும்போதே தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. எனக்கோ சோற்றைக் கண்டால் முதலில் நீளுவது அந்தக் கழுவுகிற கைதான். அம்மா அடித்துப் பார்த்தாள். வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள். கடைசியில் அப்பாவின் கிழிந்த சட்டைத் துணியில் ஒரு சின்னப் பை தைத்தாள். சாப்பாட்டு நேரம் வந்தால் இடது கை அந்தப் பைக்குள் போய்விடும், மணிக்கட்டில் நாடா முடிச்சு. சாப்பிட்டு முடிக்கிறவரை அது மடியில் விதைநெல் மூட்டை மாதிரி கிடக்கும்.

“எவன்டி கட்டிக்குவான் பீச்சாங்கைக்காரிய? பந்தியில ஒக்காந்து என் மானத்த வாங்கப்போற” என்பாள்.

எழுதுவதும் வலது கைக்கு மாறிவிட்டது. சிலுவை போடுவதை மட்டும் அவள் என் மூன்றாவது வயசிலேயே சோத்துக்கைக்குப் பழக்கிவிட்டாள். சாமி விஷயத்தில் அவள் ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. அதில் நானும் தப்பியதில்லை.

அப்பா சுங்கத்தில் எழுத்தர். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், தமிழர் தெருவில், கோயில் மணி கேட்கிற தூரத்தில் வீடு. நாங்கள் வேதக்காரர்கள்தான், ஆனாலும் சாப்பாட்டில் ஊரோடு ஒத்தவர்கள். தரையில் தடுக்கு, முன்னால் தட்டு. அப்பா முதலில், பிறகு நான், எல்லாம் முடிந்து அம்மா. தொட்டிலில் ஒரு தம்பி இருந்தான். அவனுக்கு இன்னும் பாலைத் தவிர வேறு வேலை இல்லை.

முப்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், ஈஸ்டர் பாஸ்கா முடிந்த வாரத்தில், நம் ஊரைப் போலவே பிரெஞ்சுக்காரர் ஆண்ட வியட்நாமில், சைகோனிலிருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்து இறங்கினார்கள். அப்போதெல்லாம் கப்பல் தூரத்திலேயே நின்றுவிடும். ஆட்களும் பெட்டிகளும் படகில் ஏறி, அலையில் ஆடி ஆடி, கடல் பாலத்துக்கு வரவேண்டும். பெரியம்மா தலையில் தொப்பி இருந்தது. தமிழ்ப் பெண்ணின் தலையில் தொப்பியை நான் பார்த்தது அன்றைக்குத்தான். காற்றுக்கு அது பறந்துவிடுமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பறக்கவில்லை. ஒரு நீள ஊசியால் கொண்டையோடு குத்தியிருந்தாள்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வெள்ளைக்காரர் தெருவில் மூன்று மாசத்துக்கு வீடு பிடித்தார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வந்த காரியமே அதுதான். பெரியப்பா அப்பாவிடம் என்னைக் கேட்டார். அண்ணன் கேட்டு இல்லை என்று சொல்கிற பழக்கம் அப்பாவுக்கு இல்லை. அங்கே கன்னியர் பள்ளிக்கூடம், நல்ல துணிமணி, நல்ல இடத்தில் கல்யாணம். பெண்பிள்ளை எப்படியும் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள்தானே. தலையாட்டிவிட்டார். அம்மாவை யாரும் கேட்கவில்லை.

பெரியம்மா பக்கமிருந்து ஒரே ஒரு நிபந்தனை. பிள்ளை மேசையில் உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிடத் தெரிந்துகொள்ள வேண்டும். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் எங்கள் மூன்று பேருக்கும் அவர்கள் வீட்டில் பகல் சாப்பாடு. நான் தேறிவிட்டால் ஜூன் கடைசியில் புறப்படும் கப்பலில் எனக்கும் இடம்.

இவ்வளவும் எனக்கு அப்போதே தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று: அம்மா வரமாட்டாள் என்பது. ரெட்டியார்பாளையத்துச் சித்தி வீட்டுக்கே நான் அம்மா இல்லாமல் போனதில்லை. சைகோனுக்கு மட்டும் எப்படிப் போவேன்? எனக்குக் கேட்கவும் தோன்றவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் அந்த மேசையைப் பார்த்து வாயடைத்துப் போனேன். எட்டு முழ வெள்ளைத் துணி. சாப்பிடுகிற இடத்தில் இவ்வளவு வெள்ளையா, குழம்பு சிந்தினால் என்ன ஆவது? ஆளுக்கு இரண்டு கத்தி, இரண்டு முள்கரண்டி, இரண்டு கரண்டி. முள்கரண்டிகள் எல்லாம் குப்புறப் படுத்துக் கிடந்தன. கத்தி சாய்ந்துகொள்வதற்கென்று கண்ணாடியில் ஒரு குட்டித் திண்டு. எங்கள் வீட்டில் அப்பாவுக்கே தலையணை ஒன்றுதான்.

“முள்ளு ஏன் குப்புற இருக்கு?” என்றேன்.

“அப்பிடித்தான் வெக்கணும், மா ஷேரி, என் கண்ணு. மல்லாக்க வெச்சா பிச்சை கேக்கற கை மாதிரி இருக்கும்” என்றாள் பெரியம்மா.

ஜெபம் சொல்லும்போது பெரியம்மா கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள், கடைசி ஆமென் வரை திறக்கமாட்டாள். பெரியப்பா ஒரு கண்ணைத் திறந்து சூப்பைப் பார்ப்பார். நான் இரண்டு கண்ணையும் திறந்து அவரைப் பார்ப்பேன்.

அந்த மேசையில் எல்லாமே எங்கள் வீட்டுக்கு நேர்மாறு. வீட்டில் வாயைத் திறந்து பேசினால் தொடையில் கிள்ளு விழும், இங்கே பேசாமல் சாப்பிட்டால் பெரியம்மா “உடம்பு சரியில்லையா?” என்பாள். வீட்டில் ரொட்டித் துண்டு கீழே பட்டால் எடுத்து முத்தி செய்து, அதாவது முத்தமிட்டு, ஓரமாக வைப்போம். இங்கே ரொட்டியைத் தட்டில்லாமல் துணிமேலேயே போட்டார்கள். வீட்டில் “இன்னும் கொஞ்சம்” என்று இரண்டு தரம் வற்புறுத்தி, இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் தரம் வாங்கிக்கொள்வதுதான் மரியாதை. அப்பா அதே நினைப்பில், கோழி இருந்த தட்டு வந்ததும் அடக்கமாக “மெர்சி” என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். தட்டு அவரைத் தாண்டிப் போய்விட்டது. அந்த மேசையில் நீட்டியதற்கு மெர்சி சொன்னால் ‘எனக்கு வேண்டாம்’ என்று அர்த்தமாம். இரண்டாம் தரம் கேட்க யாரும் இல்லை. அப்பா கோழியையே பார்த்துக்கொண்டு பட்டாணி சாப்பிட்டார்.

அம்மாவின் பாடு அதைவிட மோசம். மூத்தாரான பெரியப்பா முன்னால் அவள் நின்று பேசியவளே இல்லை. குரல் கேட்டாலே தலையில் முந்தானையை இழுத்துக்கொள்வாள். இப்போது அவருக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்து, வாயை அசைத்துச் சாப்பிடு என்றால்? தட்டில் இருந்ததை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். தாகத்துக்குக் கண்ணாடிக் கோப்பையைத் தூக்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள்.

“ஐயோ, அப்பிடிக் குடிக்காதம்மா, தொண்டையெல்லாம் தெரியுது” என்றாள் பெரியம்மா.

“வாய் வெச்சா எச்சிலாச்சேக்கா” என்றாள் அம்மா மெதுவாக.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தாள். “எத்தினி பேரு வாய்க்குள்ள போயிட்டு வந்த முள்ளோ” என்றாள். பெரியம்மாவுக்கோ கையால் பிசைந்து சாப்பிடுவது அருவருப்பு. சைகோன்காரர்கள் கிண்ணத்தையே வாய்க்குத் தூக்கி இரண்டு குச்சியால் சோற்றைத் தள்ளிக்கொள்வார்களாம். அதைச் சொல்லும்போதும் அவள் மூக்கைச் சுளித்தாள். ஒரு ஞாயிறு பெட்டியிலிருந்து அந்தக் குச்சிகளை எடுத்துக் காட்டினாள், கறுப்பு அரக்கு பூசி வழவழவென்று இருந்தன. அவர்கள் நம்மைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். “அவங்களுக்குக் கத்தியத் தட்டுகிட்ட கொண்டாந்தாலே பிடிக்காது. சாப்பிடற எடத்துல வெட்டுகுத்து எதுக்கும்பாங்க” என்றார் பெரியப்பா. அப்படியானால் யார்தான் சுத்தம்? எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பெரியப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒருநாள் அப்பா ஏதோ காகிதம் கொடுத்தனுப்பி அவர் வீட்டுக்குப் போனேன். பெரியம்மா குளித்துக்கொண்டிருந்தாள். பின்பக்கம் குசினியில், சமையல்காரருக்குப் பக்கத்தில், பெரியப்பா மணைப்பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பழைய சோற்றைக் கருவாட்டுக் குழம்போடு பிசைந்து தின்றுகொண்டிருந்தார். முழங்கைவரை வழிந்தது. என்னைப் பார்த்ததும் அசையாமல் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் ஒரு உருண்டை உருட்டி என் பக்கம் நீட்டினார். நான் வாயைத் திறந்தேன். அவ்வளவுதான், எங்களுக்குள் வேறு பேச்சே வேண்டியிருக்கவில்லை.

இப்போது என் பெருமைக்கு வருகிறேன். அந்த மேசையின் பெரிய சட்டமே என்ன தெரியுமா? கத்தி வலது கையில், முள்கரண்டி இடது கையில். வெட்டுவது சோத்துக்கை, வாய்க்குக் கொண்டுபோவது பீச்சாங்கை! அதுவும் இரண்டு கையும் எப்போதும் மேசைமேல் தெரிய வேண்டும். ஒரு கையை மடியில் வைத்தால் கீழே என்ன செய்கிறாய் என்று சந்தேகப்படுவார்களாம். அப்பாவின் இடது கை பாதி வழியில் வாயைத் தவறவிட்டுக் கன்னத்தைக் குத்தியது. அம்மாவுக்குக் கையே எழும்பவில்லை. அந்தக் கையால் சோறு! அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

நான் முள்கரண்டியை எடுத்தேன், குத்தினேன், வாயில் வைத்தேன். ஒரு பட்டாணி சிந்தவில்லை.

“பாருங்க, பாருங்க!” என்று பெரியம்மா பெரியப்பாவின் தோளைத் தட்டினாள். “அங்க பொறந்த பிள்ளைங்களுக்கே ஒரு வருசம் ஆவும். இவளுக்குப் பொறப்புலயே வந்துருக்கு!”

ஒன்பது வருஷத்தில் அந்தக் கைக்குக் கிடைத்த முதல் பாராட்டு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஞாயிறு என்றால் அதற்கு விடுதலை, திங்கள் என்றால் மறுபடி பை. பையைக் கட்டும்போது அம்மாவிடம் வீம்பு பேசினேன். “பெரியம்மா ஊட்டுல இந்தக் கையாலதான் சாப்பிடணும், தெரியுமா?” அம்மா நாடாவை இழுத்து முடிந்தாள். அந்த நாட்களில் அவள் எனக்கு ஒரு புதுக் கவுனும் தைத்துக்கொண்டிருந்தாள். தைத்ததைப் பிரித்துப் பிரித்து மறுபடி தைத்தாள். அளவு சரியில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வாரமும் நான் ஒரு படி ஏறினேன்: முதலில் சூப்பைச் சத்தமில்லாமல் குடித்தேன், அடுத்து மீனிலிருந்து முள்ளைக் கத்தியால் பிரித்தேன், பிறகு முட்டைக்கோசு இலையைக் கத்தியால் வெட்டாமல் முள்கரண்டியாலேயே மடித்து வாயில் வைத்தேன். நான் ஏற ஏற அம்மா முகம் சுண்டிக்கொண்டே வந்தது. பொறாமை என்று நினைத்தேன். ஒன்பது வயசுப் புத்தி.

கடைசி ஞாயிறு வந்தது. மாம்பழக் காலம். சாப்பாடு முடிந்ததும் பெரியம்மா ஆளுக்கு ஒரு முழு மாம்பழத்தைத் தட்டில் வைத்தாள். விரல் படக்கூடாது, கத்தி, முள்கரண்டி, அவ்வளவுதான். மாம்பழத்தைத் தொடாமல் தின்பதா! எந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனை என்று அப்பா முகத்தில் எழுதியிருந்தது. அவர் குத்தியதும் பழம் வழுக்கி, வெள்ளைத் துணியில் உருண்டு, பெரியப்பா மடியில் போய் விழுந்தது. பெரியப்பா பழத்தை எடுத்து ஆசையோடு ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார்.

நான் முள்கரண்டியால் பழத்தின் காம்புப் பக்கத்தை அழுத்திப் பிடித்தேன். கத்தியால் தோலை நான்காகக் கீறினேன். ஒவ்வொரு தோலாக உரித்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கினேன். சதையை வில்லை வில்லையாக அரிந்து, ஒரு சொட்டு சிந்தாமல் தின்றேன். மேசையில் எல்லோரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொட்டை மட்டும் தட்டில் மிஞ்சியபோது பெரியம்மா கை தட்டினாள். உள்ளே ஓடிப்போய் ஒரு துணிச் சதுரத்தை எடுத்துவந்தாள். சாப்பிடும்போது மடியில் போட்டுக்கொள்கிற துணி. அதன் மூலையில் என் பெயரின் முதல் எழுத்தைச் சிவப்பு நூலில் பின்னியிருந்தாள்.

“முடிஞ்சிது. வர்ற வியாழன் விட்டு அடுத்த வியாழன் கப்பல். இனிமே நீ என் பொண்ணு” என்று என் தலையைத் தடவினாள்.

“அம்மாவுக்கும் டிக்கட்டு வாங்கியாச்சா?” என்றேன்.

பெரியம்மா சிரித்தாள். “அம்மா எதுக்கு? இனிமே நாந்தான ஒனக்கு அம்மா.”

“எப்பத் திரும்பி வருவோம்?”

“நீ பெரியவளாயி, கலியாணம் காட்சின்னு வந்தா பாத்துக்கலாம்.”

அப்பாவைப் பார்த்தேன். அவர் தன் பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அம்மா பேசினாள். மூத்தார் முன்னால், முந்தானையை இழுக்கக்கூட மறந்து.

“அக்கா, ஒண்ண மறைச்சிட்டோம். அது பழகி வந்ததில்லக்கா. இவ பொறவிப் பீச்சாங்கை. சிலுவயே அந்தக் கையாலதான் போடறா. அடிச்சும் பாத்துட்டேன், கட்டியும் பாத்துட்டேன், மாறல.”

பொய்! பச்சைப் பொய்! அதுவும் காலைப் பூசையில் நன்மை அப்பம் வாங்கிய நாக்கால். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. பத்து ஞாயிறு சேர்த்து வைத்த பெயரை ஒரு நொடியில் கொட்டிக் கவிழ்த்துவிட்டாளே என்று கோபம். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பெரியம்மாவின் முகம் மாறிவிட்டது. கடல் தாண்டிப் போனவள், தொப்பி போட்டவள், இடது கையால் சாப்பிடுவதுதான் நாகரிகம் என்றவள். ஆனால் இடது கையால் சிலுவையா?

“எங்க, போடு பாக்கலாம்” என்றாள்.

என் வலது கை தன்னால் எழும்பியது; ஆறு வருஷப் பழக்கம். நிமிர்ந்தபோது அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதட்டவில்லை, கண்ணைக் காட்டவும் இல்லை. அவளை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்? வலது கையை மேசைமேல் அழுத்தி வைத்துவிட்டு இடது கையைத் தூக்கினேன். பாவம், அது அந்த வழியில் போனதே இல்லை. நெற்றிக்குப் போயிற்று, நெஞ்சுக்கு இறங்கிற்று, எந்தத் தோள் முதலில் என்று தெரியாமல் நடுவில் நின்று தடுமாறிற்று. வருஷக்கணக்காகப் போடுகிற கையா அது? யார் பார்த்தாலும் தெரிந்துவிடும்.

“ஆமா. நானும் பாத்துருக்கேன்” என்றார் பெரியப்பா, கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டே. “ஒவ்வொரு வாரமும் இப்பிடித்தான். நீ கண்ண மூடிக்கிற, ஒனக்குத் தெரியல.”

“சேசுவே, மரியாயே” என்றாள் பெரியம்மா. என் தலையிலிருந்த கையை எடுத்துக்கொண்டாள். சிவப்பு எழுத்துப் பின்னிய துணியை நான்காக, எட்டாக, பதினாறாக மடித்துக்கொண்டே இருந்தாள். அந்த எழுத்தை அவள் எத்தனை நாள் உட்கார்ந்து பின்னினாளோ! அன்றைக்கு எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. இப்போது வருகிறது, தாங்கமுடியாமல் வருகிறது.

அவர்கள் கப்பல் ஏறினார்கள், நான் பாலத்தில் நின்று கை ஆட்டினேன். அப்பா அம்மாவோடு பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கப்புறம் அம்மா பையைக் கட்டியிருக்கமாட்டாள் என்று நினைப்பீர்கள். அந்தக் கடைசி ஞாயிற்றுக்கு மறுநாளே, திங்கட்கிழமை, கட்டினாள், வழக்கத்தைவிட ஒரு முடிச்சு கூடுதலாக.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், கப்பலுக்கு முன்னால், கோயில் சாமியாரிடம் என்னைப் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட்டிப்போனாள். அவள் முதலில் போனாள். வெகு நேரம் ஆயிற்று. பிறகு நான் போய் முழந்தாளிட்டேன்.

“பீச்சாங்கையால சிலுவ போட்டேன், சாமி.”

“தெரிஞ்சா, தெரியாமலா?”

“தெரிஞ்சுதான்.”

“ஏம்மா?”

“எங்கம்மாகூடவே இருக்கறதுக்கு.”

கம்பி வலைக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார், பாவப் பரிகாரமாக மாதாவுக்கு மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொல்லி ஆசீர்வாதம் கொடுத்தார்.

அம்மா மாதா பீடத்துக்கு முன்னால் முழந்தாளில் இருந்தாள். பக்கத்தில் போய் முழந்தாளிட்டு, மூன்றையும் மூச்சுவிடாமல் முடித்தேன்.

“ஒனக்கு எத்தினி?” என்றாள் திரும்பாமல்.

“மூணு. ஒனக்கு?”

“அம்பத்திமூணு மணி ஜெபமால. முழுசும்.” குரலில் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. “ஒன்னுதுதான் முடிஞ்சிடுச்சே, போய் வெளிய வெளையாடு.”

“பாதிப் பொய் நாந்தானம்மா சொன்னேன்” என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் விரல் மாலையில் ஏற்கெனவே பத்து மணிகளைத் தாண்டியிருந்தது. ஜெபமாலையைச் சுற்றித் திருப்பிச் சிலுவைக்குக் கொண்டுவந்தாள். கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். இரண்டு பேரும் மாலையின் முதல் ஜெபமான விசுவாச மந்திரத்திலிருந்து ஆரம்பித்தோம்.